மூன்று சிட்டிங்கும் ஒரு சிறுத்தைப் படமும்: அல்சூரில் ஒரு பல் கிளினிக்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா பிடித்துவைத்த கடலை உருண்டையைக் கடித்தேன். வலது பக்கம் கீழ்வரிசை, கடைசிக்கு முந்தின பல். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். அன்றைக்கு வலி ஏதும் இல்லை. பெங்களூர் திரும்பிய இரண்டாம் நாள் ராத்திரி ஆரம்பித்தது பாருங்கள், தாடையில் தொடங்கி, காது வழியாக ஏறி, நெற்றிப்பொட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. கிராம்பு வைத்துக் கடித்தேன். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். விடிவதற்குள் இரண்டு மாத்திரை போட்டாயிற்று. காலையில் எதிர்வீட்டு அக்காவிடம் வாயைத் திறக்காமல் கையாலேயே காட்டினேன். அவர்தான் இந்த கிளினிக்கைச் சொன்னார். அவருடைய மாமியாருக்குப் பல்செட் கட்டியது இங்கேதானாம்.

கிளினிக்கின் பெயரை எழுதவில்லை. பெயர் இல்லாத ரிவ்யூ, மண்டபத்தின் பெயரைப் போடாத கல்யாணப் பத்திரிகை மாதிரி என்று எனக்கும் தெரியும். அல்சூர், முதல் மாடி, கீழே மருந்துக்கடை. அதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் முதல் தடவை போனபோது அவர்களுக்கு 5-க்கு 4.6 ஸ்டார் இருந்தது. இன்றைக்குப் பார்த்தால் 1.8. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் யாருடைய பல்லையும் மாற்றிப் பிடுங்கவில்லை. அந்தக் கதையையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதனால் நீளும். அவசரத்தில் இருப்பவர்கள் கடைசி இரண்டு பத்தியைப் படித்தால் போதும், விலை எல்லாம் அங்கே இருக்கிறது.

முதல் சிட்டிங். படி செங்குத்து, லிஃப்ட் கிடையாது. முட்டிவலிக்காரர்களைக் கூட்டிப் போகும் முன் யோசியுங்கள். காத்திருக்கும் அறையில் ஆறு நாற்காலி, ஒரு மீன்தொட்டி, சத்தத்தைக் குறைத்துவைத்த டிவியில் கன்னடச் செய்தி. ரிசப்ஷனில் இருந்த பெண் 'கூத்கொள்ளி மேடம்' என்று நாற்காலியைக் காட்டினார். அப்பாயின்ட்மென்ட் 10:30-க்கு. உள்ளே கூப்பிட்டது 11:20-க்கு. பல்வலிக்காரியின் 50 நிமிடத்தைக் கடிகாரத்தால் அளக்க முடியாது. ஒரு ஸ்டாரை அங்கேயே மனதுக்குள் பிடுங்கிவிட்டேன்.

அந்த 50 நிமிடத்தில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். ரிசப்ஷனுக்குப் பின்சுவரில், டாக்டரின் பட்டச் சான்றிதழுக்கும் வெங்கடாசலபதிக்கும் நடுவில் மாட்டியிருந்தது. கறுப்பு வெள்ளை. காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் துப்பாக்கியைத் தரையில் ஊன்றி நிற்கிறார். காலடியில் ஒரு சிறுத்தை. அவருடைய ஒரு பூட்ஸ் கால் அதன் கழுத்தின் மேல். பின்னால் நாலு பேர் வெறுங்காலோடு நிற்கிறார்கள், காட்டைத் தட்டி விலங்கை விரட்டிக்கொண்டு வந்து விட்டவர்களாக இருக்கும். படத்தின் கீழ் ஓரத்தில் வெள்ளை மையில் 'தாளவாடி, 1961' என்று எழுதியிருந்தது. எனக்குப் படம் பிடிக்கவில்லை. செத்த பிராணியின் கழுத்தில் காலை வைப்பது என்ன வீரம் என்று நினைத்தேன். அப்புறம் வலி கூடியது, படம் மறந்துபோனது.

டாக்டருக்கு 45 வயது இருக்கும். பழைய கன்டோன்மென்ட் தமிழ், நடுநடுவே கன்னடம் எட்டிப்பார்க்கிறது. எக்ஸ்ரே எடுத்துத் திரையில் பெரிதாக்கி, எந்த இடத்தில் விரிசல், சீழ் எங்கே கோத்திருக்கிறது என்று பென்சில் முனையால் காட்டினார். "பல்ல எடுத்துடலாம், சீப்பா முடியும். ஆனா காப்பாத்த முடியிற பல்லு மேடம் இது" என்றார். இரண்டு வழிக்கும் ஆகும் செலவை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ரூட் கேனால் 6,000, ஜிர்கோனியா கேப் 8,000. யோசிக்க நேரமும் கொடுத்தார். இதை அழுத்திச் சொல்கிறேன். முன்னொரு தரம் வேறு ஒரு இடத்தில் நான் வாயைத் திறந்துகொண்டு கிடந்தபோது பேரம் பேசினார்கள்.

மரத்துப்போகும் ஊசிக்கு முன்னால் ஈறில் ஒரு ஜெல் தடவினார், ஊசி போனதே தெரியவில்லை. பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டினார். அதன் பெயர் ரப்பர் டேம். மருந்துத் தண்ணீர் தொண்டைக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளும். எல்லா இடத்திலும் இதை மாட்டுவதில்லை, உங்கள் டாக்டர் மாட்டுகிறாரா என்று கேளுங்கள். "வலிச்சா இடது கையத் தூக்குங்க, பேசாதீங்க" என்றார். ஒரே ஒரு தடவை தூக்கினேன், உடனே நிறுத்தினார். உதவிக்கு நின்ற கிருஷ்ணகிரிப் பெண் நான் கையை இறுக்குவதைப் பார்த்துவிட்டு "அவ்ளோதான்க்கா, முடிஞ்சிருச்சு" என்று நாலு தடவை பொய் சொன்னாள். நல்ல பொய்.

இரண்டாவது சிட்டிங் ஒரு வாரம் கழித்து. வேர்க் குழாய்களைச் சுத்தம் செய்து நிரப்பி, மேலே பல்லைக் கட்டி எழுப்பி, கேப்புக்கு அளவு எடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம். கேப்பின் நிறத்துக்கு ஒரு வரிசைப் பல் மாதிரிகளை என் பல்லோடு வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சிரித்தார். "டீ ஜாஸ்தியா?" கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். பால் குடிப்பதற்கு முன்பே தேத்தண்ணி குடித்த பல் இது என்று சொல்ல நினைத்தேன். வாய் நிறையப் பஞ்சு.

மூன்றாவது சிட்டிங்குக்கு முன்னால் வந்ததுதான் புயல். யாரோ ஒருவர் காத்திருக்கும் அறையில் அந்தப் படத்தைப் போனில் எடுத்து, அடிப்பகுதியை வெட்டிவிட்டுப் போட்டார். வெட்டிய பகுதியில்தான் 'தாளவாடி, 1961' இருந்தது. அடுத்த நாள் ஒரு செய்தி வீடியோ, 40 விநாடி, பின்னணியில் சைரன் சத்தம். புலியைக் கொன்று போஸ் கொடுத்த பல் டாக்டர் என்று தலைப்பு. புலி இல்லை, சிறுத்தை. உடம்பில் வரியா புள்ளியா என்று பார்க்கக்கூட அவர்களுக்கு 40 விநாடி போதவில்லை. டாக்டர் இல்லை, டாக்டரின் தாத்தா. படம் எடுத்த வருஷத்தில் இந்த டாக்டர் பிறக்கவேயில்லை.

நான்கு நாளில் ஆயிரத்துக்கு மேல் ஒற்றை ஸ்டார்கள். கொல்கத்தாவிலிருந்து, லண்டனிலிருந்து, அல்சூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாதவர்களிடமிருந்து. கைது செய்யச் சொன்னார்கள், லைசென்ஸைப் பிடுங்கச் சொன்னார்கள். ராமமூர்த்தி நகரில் அதே பெயரில் குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் ஒரு கிளினிக் இருக்கிறது. அவர்களுக்கும் 60, 70 அடி விழுந்தது. பாவம், அவர்கள் சுவரில் மிக்கி மவுஸ்தான் இருக்கிறது.

சட்டத்தைக் கேட்டால், 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்னால் லைசென்ஸ் வாங்கிச் சுட்டவர்கள் நம் பக்கம் ஏராளம். மைசூரில் வான் இங்கன் குடும்பம் 1900 வாக்கில் ஆரம்பித்து 1999 வரைக்கும் புலி, சிறுத்தைகளைப் பாடம் செய்வதையே தொழிலாக வைத்திருந்தது. தலையோ தோலோ வீட்டில் இருந்தால் அதற்கு உரிமைச் சான்று வேண்டும். புகைப்படத்துக்குச் சான்று கேட்கும் சட்டம் இல்லை. ஆனால் ஒரு ஆஸ்பத்திரிச் சுவரில் அதை மாட்டிவைப்பது அழகா என்று கேட்டால், இல்லை. அந்தக் கேள்வியை யாராவது ஒழுங்காகக் கேட்டிருந்தால் நானும் பின்னாலேயே போய் நின்றிருப்பேன்.

எனக்கு இந்தச் சத்தம் புதிது இல்லை. 2015-ல் ஹெப்பால் பக்கம் ஒரு அவுட்சோர்சிங் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்த்தேன். வெளிநாட்டுத் தளம் ஒன்றில் கடை, சலூன், கிளினிக் என்று மக்கள் எழுதும் ரிவ்யூக்களைச் சலிப்பதுதான் வேலை. ஒரு ரிவ்யூவுக்கு 20 விநாடி. ஆபாசம் ஒரு பட்டன், மிரட்டல் ஒரு பட்டன், போன் நம்பர் ஒரு பட்டன், நேரடி அனுபவம் இல்லை என்பதற்கு ஒரு பட்டன்.

அந்த ஜூலை 27 சாயங்காலம் ஷில்லாங்கில் அப்துல் கலாம் பேசிக்கொண்டிருந்த மேடையிலேயே சரிந்தார். மறுநாள் ராத்திரி நாங்கள் வேலைக்குப் போனபோது பான்ட்ரியில் அவர் படத்துக்கு யாரோ சாமந்தி வைத்திருந்தார்கள். ராமநாதபுரத்துப் பையன் ஒருவன் ஊருக்குக் கிளம்பத் துடித்துக்கொண்டிருந்தான், லீவு கிடைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிஸ்டத்தைத் திறந்தால், உலகம் ஒரு சிங்கத்துக்காக அழுதுகொண்டிருந்தது.

ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவில் சிசில் என்று ஒரு ஆண் சிங்கம், கிட்டத்தட்ட 13 வயது. ரொடீசியா என்று ஒரு காலத்தில் அந்த நாட்டுக்கே தன் பெயரைக் கொடுத்த சிசில் ரோட்ஸின் பெயர்தான் அதற்கும். நாட்டின் பெயரை மாற்றினார்கள், சிங்கத்துக்கு அது ஒட்டிக்கொண்டது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதன் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்டிக் கவனித்து வந்தார்கள். ஜூலை முதல் வாரத்தில் பூங்காவுக்கு வெளியே ஒரு வேட்டைக்காரர் அதை அம்பால் அடித்தார். பெயர் வெளியே வராதவரை ஸ்பெயின்காரர் என்றார்கள். ஜூலை 28 அன்று ஒரு பிரிட்டிஷ் நாளேடு அடையாளம் காட்டியது: அமெரிக்காவில் மின்னசோட்டாவைச் சேர்ந்த வால்டர் பால்மர். 50,000 டாலர் கொடுத்து வேட்டைக்குப் போனவர். பல் டாக்டர்.

எங்கள் தளத்திலும் அவருடைய கிளினிக்குக்கு ஒரு பக்கம் இருந்தது. அன்று ராத்திரி நாங்கள் சலிக்க வேண்டிய ரிவ்யூக்களின் க்யூ எங்கள் கண்ணெதிரே ஊதிப் பெருத்தது. பல் எடுக்கப் போனால் தலையை எடுத்துச் சுவரில் மாட்டிவிடுவார் என்கிற ரகம் பாதி. மீதி, அவருக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அளவு சொல்லி எழுதியவை. அவற்றை இங்கே எழுத எனக்குக் கூசுகிறது. நேரடி அனுபவம் இல்லை, நேரடி அனுபவம் இல்லை என்று விடியும் வரைக்கும் ஒரே பட்டன். விரல் நுனி மரத்துப்போயிற்று. அந்த நாற்காலியில் நிஜமாகவே உட்கார்ந்து, நிஜமாகவே பல் வலித்து எழுதிய யாராவது அந்தக் கூட்டத்துக்குள் இருந்தாரா என்று தேடிப் பார்க்கக்கூட நேரமில்லை. இருந்திருந்தாலும் அவர் குரல் எங்கே கேட்கும்?

அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை எதுவும் இல்லை, சொல்லிவிடுகிறேன். அவர் புதிதாகத் தப்பு செய்தவரும் இல்லை. 2006-ல் விஸ்கான்சினில் ஒரு கரடியை அனுமதி இல்லாத இடத்தில் சுட்டுவிட்டு, சுட்ட இடத்தைப் பற்றி அதிகாரிகளிடம் பொய் சொன்னதை 2008-ல் ஒப்புக்கொண்டவர். பத்திரிகைகள் அதைத் தோண்டி எடுத்துப் போட்டது சரி. அது அவர் செய்தது, கோர்ட்டில் பதிவானது. காயம்பட்ட சிங்கம் செத்துப்போகப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆனது என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் பின்னால் கணக்கிட்டார். அந்த ஒரு விஷயமே போதும் ஒரு மனிதர்மேல் கோபப்பட.

ஆனால் அன்றைக்குப் போதவில்லை. 40 மணி நேரம் துடித்தது, கடைசியில் துப்பாக்கியால் சுட்டார்கள் என்று உலகம் முழுக்க அச்சானது. அவ்வளவு நேரம் ஆகவில்லை, கொன்றதும் அம்பால்தான் என்று செப்டம்பரில் பால்மர் சொன்னபோது யார் படித்தார்கள்? ஆகஸ்ட் 1-ஆம் தேதி, சிசிலின் தம்பி ஜெரிகோவையும் கொன்றுவிட்டார்கள் என்று இன்னொரு செய்தி பறந்தது. ஜெரிகோ சாகவில்லை, ஜிபிஎஸ் பட்டை நகர்ந்துகொண்டிருந்தது. தம்பியும் இல்லை, கூட்டாளி. பால்மரை நாடுகடத்தி, வழக்குப் போட்டு, முடிந்தால் தூக்கில் போட வேண்டும் என்று ஒரு பெரிய விலங்கு நல அமைப்பே அறிக்கை விட்டது. ஃப்ளோரிடாவில் இருந்த அவர் வீட்டின் கதவில் பெயின்ட் அடித்தார்கள், வாசலில் பன்றிக்கால் போட்டார்கள். கிளினிக் வாசலில் பொம்மைச் சிங்கங்கள் குவிந்தன. அங்கே வேலை பார்த்த கிளீனிங் பெண்ணும் ரிசப்ஷனிஸ்ட்டும் எந்தச் சிங்கத்தைச் சுட்டார்கள்? அவர்களை நினைத்து அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. நானும் மாதச் சம்பளக்காரி.

அக்டோபர் மாதம் ஜிம்பாப்வே அரசே சொன்னது, அவருடைய காகிதங்கள் ஒழுங்காக இருந்தன, வழக்கு இல்லை என்று. கூட்டிப்போன வழிகாட்டி மேல் போட்ட வழக்கும் 2016-ல் தள்ளுபடியானது. சட்டப்படி சரி என்றால் நியாயப்படியும் சரியா என்று நீங்கள் கேட்கலாம், கேளுங்கள். ஆனால் அந்தச் செய்தி முதல் செய்தி வந்த இடத்தில், அதே அளவில் வந்திருக்க வேண்டாமா? கோபத்தால் நல்லதும் நடந்தது, மறைக்கவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி கிம்மல் சிசிலைப் பற்றித் தொண்டை அடைத்துப் பேசியதும் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வுக் குழுவுக்குப் பணம் கொட்டியது. அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் வேட்டைத் தலைகளை ஏற்ற மாட்டோம் என்றன. 2015 டிசம்பரில் அமெரிக்க அரசு சிங்கங்களைத் தன் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் 2017-ல் சிசிலின் மகன் ஸாண்டாவையும் வேட்டையாடினார்கள். அந்தத் தடவை கிட்டத்தட்ட மௌனம். நான் அப்போது அதே கம்பெனியில்தான் இருந்தேன். க்யூ அசையவே இல்லை.

சிசில் செத்த 2015 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஜிம்பாப்வே மாணவர் ஒருவர் எழுதியதை பஸ்ஸில் வீடு திரும்பும்போது படித்தேன். சிங்கம் செத்தது என்று கேட்டதும் தனக்குள் இருந்த கிராமத்துப் பையன் சந்தோஷப்பட்டான் என்கிற மாதிரி எழுதியிருந்தார். சிறு வயதில் அவர் ஊர்ப்பக்கம் ஒரு சிங்கம் சுற்றியபோது மொத்த ஊரும் பயத்தில் இருந்ததாம். எனக்கு எங்கள் லயம் ஞாபகம் வந்தது. ராத்திரி வெளியே போக வேண்டுமென்றால் அப்பா டார்ச்சோடு முன்னால் நடப்பார். மணி என்று ஒரு நாய் வளர்த்தோம். ஒரு மழை நாளில் வெளித்திண்ணையில் சங்கிலி மட்டும் கிடந்தது. சிறுத்தைதான். நாலு நாள் அழுதேன், ஆனால் சிறுத்தையைச் சுடச் சொல்லி எங்கள் லயத்தில் யாரும் கேட்கவில்லை. நாய்களை உள்ளே கட்டினோம்.

2021-ல் டி23 புலி கூடலூர், மசினகுடிப் பக்கம் சுற்றியபோது கதை வேறு. நாலு பேர் சாவுக்கு அதுதான் காரணம் என்றார்கள். என் சித்தி கொழுந்து பறிக்க இறங்கவே பயந்தார். கும்கி யானைகள், டிரோன், நாய் என்று வனத்துறை தேடிக்கொண்டிருந்தது. என் பெங்களூர் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவிலோ புலியைக் காப்பாற்றச் சொல்லிக் கையெழுத்து வேட்டை. கையெழுத்துப் போட்டவர்களைத் திட்டவில்லை. சுட வேண்டாம் என்பதே கடைசியில் நடந்தது. கோர்ட் தலையிட்டது, அக்டோபர் 15-ஆம் தேதி உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள், எனக்கும் நிம்மதிதான். ஆனால் அந்தக் குழுவில் ஒருவர்கூட, இறந்த நாலு பேர் யார் என்று கேட்கவில்லை. மகாராஷ்டிராவில் 2018-ல் சுட்ட பெண்புலிக்கு வனத்துறை வைத்த பெயர் டி1, காப்பாற்றச் சொன்னவர்கள் வைத்த பெயர் அவ்னி. செய்தியில் எந்தப் பெயரைப் போடுகிறார்கள் என்பதைப் பார்த்தாலே அவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

சரி, பல்லுக்கு வருகிறேன். மூன்றாவது சிட்டிங்குக்குப் போனபோது காத்திருக்கும் அறையில் நான் மட்டும். மீன்தொட்டியின் குமிழிச் சத்தம் கேட்டது. ரிசப்ஷன் பெண் ரிசீவரைப் போனிலிருந்து எடுத்துக் கீழே வைத்திருந்தார், யார் யாரோ கூப்பிட்டுத் திட்டுகிறார்களாம். சுவரில் படம் இல்லை. வெங்கடாசலபதிக்குப் பக்கத்தில் ஒரு செவ்வகம் மட்டும் வெளுப்பாக, பழைய பெயின்ட்டின் நிறத்தில் இருந்தது. 10:30 அப்பாயின்ட்மென்ட்டுக்கு 10:30-க்கே உள்ளே கூப்பிட்டார்கள். இந்தக் காரணத்துக்காகச் சீக்கிரம் கூப்பிட்டதை நல்ல சேவை என்று எழுத மனசு வரவில்லை.

கேப் பொருத்தும்போது டாக்டர் அதிகம் பேசவில்லை. கடிக்கச் சொன்னார், நீலத் தாளை வைத்துத் தேய்த்துப் பார்த்தார், உயரமாக இருந்த இடத்தை உரசினார், மறுபடி கடிக்கச் சொன்னார். மூன்று தடவை. எல்லாம் முடிந்து வாய் கொப்பளித்த பிறகு நானே கேட்டேன். படத்தை ஏன் எடுத்தீங்க?

"தாத்தா செஞ்சது எனக்கும் பிடிக்காது மேடம். அப்பா மாட்டினது, எடுக்கத் தோணல, அவ்ளோதான். ஆனா இப்ப எடுத்தது பிடிக்காததுனால இல்ல. பயத்துல எடுத்தேன்."

"இன்னும் முன்னாடியே எடுத்திருக்கலாம்" என்றேன்.

"எடுத்திருக்கலாம்" என்றார்.

வேறு ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. வீடியோ போட்டவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்று கிருஷ்ணகிரிப் பெண்ணிடம் வெளியே வந்ததும் விசாரித்தேன். "போன்கூட பண்ணலக்கா. அந்தப் பின்னாடி நிக்கிறவங்கள்ல ஒருத்தர் எங்க ஊருப் பக்கமாம், டாக்டர் ஒரு நாள் சொன்னாரு. அதையாவது கேட்டிருக்கலாம்ல?" என்றாள். அந்த வெறுங்கால் நாலு பேரை நானும் ரிவ்யூ எழுதும் வரைக்கும் மறந்துதான் போயிருந்தேன்.

அப்புறம் பில். இங்கேதான் எனக்கு உண்மையான மனக்குறை. தாளில் எழுதிக் கொடுத்தது 14,000. பில்லில் இருந்தது 16,300. மூன்று எக்ஸ்ரே, ஒன்று 300 வீதம் 900. பல்லைக் கட்டி எழுப்பியதற்கு 1,400. இரண்டுமே தேவையான வேலைதான், ஆனால் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். ரிசப்ஷனில் கேட்டதற்கு 'எல்லா இடத்திலும் அப்படித்தான்' என்ற பதில் வந்தது. டாக்டரிடம் போய்த் தாளைக் காட்டினேன். எக்ஸ்ரே பணம் 900-ஐக் கழித்தார், கட்டி எழுப்பியதற்குக் கழிக்க முடியாது என்றார். 15,400 கட்டினேன், யுபிஐ வாங்குகிறார்கள். கேப்புக்கு கியாரண்டி கார்டு கேட்டு வாங்குங்கள், தானாகக் கொடுப்பதில்லை. ஒரு மாதம் ஆகிறது, வலி இல்லை, போன வாரம் தட்டை முறுக்கே கடித்தேன். கை சுத்தம், கருவி சுத்தம், பேச்சு சுத்தம். காத்திருப்புக்கு ஒன்று, பில்லுக்கு அரை ஸ்டார் குறைத்து 3.5 கொடுக்கிறேன். அரை ஸ்டார் போட வழி இல்லாததால் 4 என்று விழும். நான் போட்டாலும் சராசரி 1.8-லிருந்து அசையாது, போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஸ்கூட்டரை மருந்துக்கடை வாசலில் நிறுத்தாதீர்கள், கடைக்காரர் கத்துவார். அடுத்த சந்தில் இடம் இருக்கும். ஞாயிறு லீவு. கூட்டம் மறுபடி வர ஆரம்பித்துவிட்டால் காலை முதல் அப்பாயின்ட்மென்ட்டையே கேளுங்கள். வயதானவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால் முன்னாலேயே போன் பண்ணுங்கள், கிருஷ்ணகிரிப் பெண் கீழே வந்து கைபிடித்து ஏற்றுகிறாள்.